கதிரை கேட்ட ரீச்சர்

இரண்டு கிழமைக்கு மேல் சுகவீன லீவில் நிற்கும் ஆசிரியரை மருத்துவச் சபையின் முன் அனுப்ப வேண்டும். சபையின் அறிக்கை கைக்குக் கிடைக்கும்வரை அவர் பதவியைக் கைவிட்டுச் சென்றதாகக் கருதக் கூடாது. அப்படிக் கருதி யாராவது கட்டளை பிறப்பித்துவிட்டால், அந்த ஆசிரியரின் மேன்முறையீட்டுக்கு நியாயமான காலத்துக்குள் பதில் எழுத வேண்டும். முப்பத்து நாலு வருடம் கல்விக் கந்தோரில் குப்பை கொட்டிய எனக்கு இந்த விதியைப் புத்தகம் பார்க்காமல் சொல்ல வரும். நியாயமான காலம் என்றால் எவ்வளவு காலம் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை விதி எழுதியவர்களே சொல்லவில்லை.

போன மாதம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "உப்பு ரீச்சரை ஆருக்காவது ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டிருந்தார். உங்களில் பதினேழு பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தீர்கள். எண்ணித்தான் சொல்கிறேன். ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகமும் போட்டிருந்தார். எல்லோருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது, பாதிப்பேருக்குப் பேரப்பிள்ளைகள். இந்த வயதிலும் அது உங்களுக்குப் பகிடியாக இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். குழுவில் எழுதினால் இரண்டு வரியோடு கை ஓய்ந்துவிடும். ஆகவே இது.

உப்பு ரீச்சர் என் ஆசையம்மா, அதாவது அம்மாவின் கடைசித் தங்கை. அப்போது அவருக்கு இருபத்து நாலு வயது. தாய் தகப்பன் இல்லாதபடியால் புத்தூரில் எங்களோடுதான் இருந்தார். வல்லை வெளிக்கு அப்பால் இருந்த நம் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கணக்கு ரீச்சராக நியமனம் கிடைத்தபோது, அம்மா என்னையும் அங்கேயே ஐந்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். பஸ்ஸில் அவருக்குத் துணை நான், எனக்குத் துணை அவர். பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

பள்ளிக்கூட வருடத்தின் முதலாம் தவணையில் அவர் சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். மற்றக் கையில் நான் இழுபடுவேன். இரண்டாம் தவணையில் முறை மாறிவிட்டது. நான் முன்னால் ஓடி, "ரீச்சர் வாறா, ரீச்சர் வாறா" என்று கொண்டக்டரிடம் கெஞ்சி பஸ்ஸை மறித்து வைக்க வேண்டியிருந்தது. அவர் வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து வருவார். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிடுவார். காலையில் ஒரு வாய் புட்டு உள்ளே போனால் அடுத்த நிமிடம் கோடிப்புறத்தில் ஓங்காளிக்கும் சத்தம் கேட்கும். அவருடைய சட்டைகளை அம்மா மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே பிடித்துத் தைத்தார். "பஞ்சி பிடிச்சவள்" என்று தைத்துக்கொண்டே திட்டினார். எங்கள் ஊரில் சோம்பலுக்குப் பஞ்சி என்று பெயர். தோட்டக்காரர்களின் ஊரில் அதைவிடக் கெட்ட பெயர் ஒரு மனிதருக்கு வைக்க முடியாது.

அவர் கறுக்கத் தொடங்கியதும் அந்தத் தவணையில்தான். பஸ்ஸுக்கு நடக்கிற வெயில் என்றார் அம்மா. ஒரு குடை வாங்கிக் கொடுத்தார். குடை பிடித்தும் கறுத்தது. கிணற்றடியில் அவரோடு குளிப்பவள் நான். உள்ளங்கை ரேகைகளில் பேனை மை ஊறியதுபோல ஒரு நிறம். சின்ன வயதில் முழங்காலில் பட்ட காயத்தின் தழும்பு கரிக்கோடாக மாறியிருந்தது. குறுக்குக் கட்டுக்குள் வயிறும் முகத்தைப்போலவே இருந்தது. சிரித்தால் பல் முரசில், பல்லைச் சுற்றிய சதையில், நாவற்பழம் தின்றதுபோலத் திட்டுகள். வெயில் எப்படி வயிற்றுக்குள்ளும் வாய்க்குள்ளும் போகும் என்று யோசிக்கப் பத்து வயது போதுமாக இருந்தது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"வாயை மூடு. உது வெளியிலை கதைக்கிற கதையில்லை" என்றார் அம்மா.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் ஸ்ரூடியோவில் எடுத்த ஒரு படம். கொழும்பில் கிளாக்கராக இருந்த ஒருவருக்கு ஆசையம்மாவைப் பெண் கேட்டு, முந்தின வருடம் எடுத்த படம் போயிருந்தது. படத்தில் இருந்த நிறமும் ஆளில் இருந்த நிறமும் மாதத்துக்கு மாதம் விலகிக்கொண்டு போயின. அம்மாவின் கவலை முழுவதும் அந்த இடைவெளியில் இருந்தது. ஆள் கரைந்துகொண்டு போவதில் இல்லை.

இனி உப்பு. பச்சை மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்பதை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். ஆசையம்மா மாங்காயை எனக்குத் தந்துவிட்டு உப்பைத் தின்றார். மோருக்குள் ஒரு பிடி உப்பைக் கொட்டிக் கலக்கிக் குடித்தார். தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலின் அடியில் தேங்கிய தண்ணீரை யாரும் இல்லாத நேரம் பார்த்து உறிஞ்சினார். ஆடி மாதம் ஒரு பின்னேரம் பஸ் வல்லை வெளியில் நின்றுவிட்டது, ஞாபகம் இருக்கும். றைவர் மூடியைத் திறந்து புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியெங்கும் நிலம் வெள்ளை பூத்துக் கிடந்தது. ஆசையம்மா இறங்கிப் போய்க் குந்தி, விரல் நுனியால் அந்த வெள்ளையை வழித்து, மண்ணை ஊதிவிட்டு வாயில் வைத்துக்கொண்டார். கண் செருகிற்று. தாகத்தில் தண்ணீர் கண்ட ஒருவரின் முகம் அது. யன்னல்களில் தொங்கிக்கொண்டு நீங்களும் பார்த்தீர்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் முழுவதும் உப்பு ரீச்சர். பட்டம் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவரும் குழுவில் இருக்கிறார். சிரிக்கிற முகமும் போட்டிருக்கிறார்.

பட்டம் ஆசையம்மாவின் காதில் விழுந்த அன்று அவர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார்: ஒரு ரீச்சர் ஒரு கொத்து உப்பை எட்டு நாளில் தின்றால், முப்பத்திரண்டு மாணவர் உள்ள வகுப்பு அதே வேகத்தில் எத்தனை நாளில் தின்னும்? "பேர் வைச்சவர் முதலிலை எழும்பி விடையைச் சொல்லட்டும்" என்றார். ஒருவரும் எழும்பவில்லை. அவருடைய வாய் அப்படிப்பட்டது. கால்தான் நிற்க மறுத்தது.

காலைப் பிரார்த்தனையில் தேவாரம் முடிந்து தலைமை ஆசிரியரின் புத்திமதியும் முடியும்வரை ஆசிரியர்கள் வரிசையாக நிற்க வேண்டும். நிற்கும்போது தலை சுற்றி இருட்டுகிறது, ஒரு கதிரை போட அனுமதி வேண்டும் என்று ஆசையம்மா எழுத்தில் கேட்டார். ஆசிரியர் நின்றால்தான் மாணவர் நிற்பர் என்று அந்தக் கடிதத்தின் ஓரத்தில் பச்சை மையால் எழுதித் திருப்பிக் கொடுத்தார் தலைமை ஆசிரியர். மருத்துவக் காரணம் காட்டி ஒரு கோரிக்கை வந்தால் அதை மேலிடத்துக்கு அனுப்புவதே அவர் கடமை, தீர்ப்புச் சொல்வதல்ல. ஆனால் பச்சை மை கையில் இருந்தால் எவருக்கும் தீர்ப்புச் சொல்லத் தோன்றும்.

வீட்டில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அம்மா பரியாரியாரை அழைத்தார். அவர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நாக்குக்குப் பக்கத்திலேயே இருந்த முரசைப் பார்க்கவில்லை. இரத்தத்தில் சூடு ஏறித்தான் நிறம் கெடுகிறது என்றும், நாற்பத்தெட்டு நாள் உப்பும் புளியும் இல்லாத பத்தியம் இருந்தால் பிள்ளை பழைய நிறத்துக்கு வந்துவிடுவாள் என்றும் சொன்னார். தோல் வருத்தத்துக்கு உப்பில்லாப் பத்தியம் என்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாரும் கேள்வி கேட்பதில்லை.

"பரியாரியார், சோத்தை வேணுமெண்டாலும் விடுறன். உப்பை விடச் சொல்லாதேங்கோ" என்றார் ஆசையம்மா.

"நாக்கு எதைக் கேக்குதோ, அதிலைதான் பிள்ளை வருத்தம் இருக்கு."

அம்மா உப்புச் சாடியைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் உப்போடு சாப்பிட்டோம். ஆசையம்மாவுக்கு மட்டும் வேறு சட்டியில், சாம்பல் போன்ற ஒரு கறி.

பூட்டுவதற்கு முதல்நாளே ஆசையம்மா ஒரு பழைய பவுடர் டப்பாவில் உப்புக்கட்டிகளை நிரப்பி, என் புத்தகப் பைக்குள் வைத்திருந்தார். அவருடைய பையை அம்மா சோதிப்பார், என்னுடையதைச் சோதிக்கமாட்டார். பஸ் புறப்பட்டதும் நான் டப்பாவை நீட்டுவேன். இரண்டு கட்டி எடுத்து வாயில் அடக்கிக்கொள்வார். இடைவேளைக்கு இன்னும் இரண்டு. பத்தியத்தின் முதல் பதினொரு நாளும் அவர் நடமாடியது அந்த டப்பாவால்தான். அது எனக்கு அப்போது தெரியாது. களவு செய்கிறோம் என்ற பயம் மட்டுந்தான் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் தலைமை ஆசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரீச்சர் வகுப்பில் எதையோ மெல்லுகிறார் என்று உங்களில் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். பையைத் திறக்கச் சொன்னார்.

"உதென்ன டப்பாக்குள்ளை?"

"பவுடர், சேர்."

"திற."

திறந்தேன். மேசையில் இரண்டு கட்டி உருண்டது.

"ஆற்றை?"

நான் என் பின்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆற்றை எண்டு கேட்டனான்."

"ரீச்சற்றை."

"ரீச்சர் உதை என்ன செய்யிறவ?"

"தின்னிறவ, சேர்."

அதைத் தன் பதிவுப் புத்தகத்தில் எழுதினார். பத்து வயதுப் பிள்ளையை, அவளை வளர்க்கிறவருக்கு எதிராக, பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் விசாரிக்கக் கூடாது. இதற்கும் விதி இருக்கிறது. உண்மை சொன்ன பிள்ளை என்று எனக்கு ஒரு புதுப் பென்சில் தந்தார். வாங்கிக்கொண்டேன். அந்தத் தவணை முழுவதும் அந்தப் பென்சிலால்தான் எழுதினேன்.

டப்பாவும் ஒரு கடிதமும் பியோனிடம் வீட்டுக்குப் போயின. அம்மா உப்பைக் கிணற்றடி வாய்க்காலில் கொட்டினார். ஆசையம்மா என்னை ஒரு சொல் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து, காலைப் பிரார்த்தனையில், தேவாரத்தின் இரண்டாம் அடியில் அவர் விழுந்தார். தலை படிக்கட்டில் அடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "பிரார்த்தனையின்போது தரையில் படுத்துக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறார் தலைமை ஆசிரியர். பிறகு ஒருநாள் அந்த வசனத்தைக் கந்தோர்ப் பைலில், எங்கள் பாஷையில் கோவையில், என் கண்ணாலேயே வாசித்தேன். படுத்துக்கொண்டாராம்.

வீட்டில் ஆறு நாள் கிடந்தார். பத்தியம் தொடர்ந்தது. இவ்வளவு நாளைக்குப் பிறகு முறித்தால் பலன் போய்விடும் என்று அம்மா பயந்தார். ஏழாம் நாள் காலையில் கூப்பிட்டால் பதில் இல்லை. கைகால் குளிர்ந்து கிடந்தது. ஐயா, அதாவது என் அப்பா, வாடகைக் கார் பிடித்து வந்தார். அம்மாவின் மடியில் தலையும் என் மடியில் காலுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த டொக்டர் ஒருவர் வார்ட்டில் நின்றார். மெலிந்த ஆள், சட்டைக் கை அவருக்குப் பெரிது. இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். நம்பாமல் மற்றக் கையிலும் பார்த்தார். பிறகு அவர் செய்தது எனக்கு இன்றும் அப்படியே தெரிகிறது: ஆசையம்மாவின் உள்ளங்கையை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார், கீழ் உதட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். மாதக்கணக்காக நான் பார்த்த அதே இடங்கள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் உப்புத் தண்ணீரை நாளத்துக்குள் ஏற்றச் சொல்லி, ஊசியும் போட்டார். சேலைன் போத்தல் ஒன்று முடிந்து மற்றது பாதி இறங்கியபோது ஆசையம்மாவின் கண்கள் திறந்தன. அப்போதுதான் டொக்டர் அம்மாவிடம் கேட்டார், முந்தி எப்போதாவது கசம் வந்ததோ என்று. இப்போது எல்லோரும் காசநோய் என்கிறார்கள்.

"இல்லை டொக்டர். எங்கடை குடும்பத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை" என்றார் அம்மா.

"பொய். பதினாலு வயதிலை வந்தது. ஒரு வருசம் படுத்துக் கிடந்தனான்" என்றது கட்டில்.

"எடி, மெல்லக் கதை. ஆக்கள் நிக்கினம்."

"மெல்லக் கதைச்சுக் கதைச்சுத்தான் அக்கா, நான் இஞ்சை வந்து கிடக்கிறன்."

அம்மா அழுதார். கசம் வந்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்று பத்து வருடமாக மறைத்து வைத்த சங்கதி அது. எனக்கே அன்றுதான் தெரியும். அதே சங்கதிதான் டொக்டருக்கு வேண்டியிருந்த கடைசித் துண்டும்.

மருந்துத் துண்டொன்றின் பின்பக்கத்தில் அவர் இரண்டு சிறுநீரகம் வரைந்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னத் தொப்பி வரைந்தார். அதிரினல் சுரப்பிகள். அங்கே சுரக்கும் கோட்டிசோலும் அதன் கூட்டாளியும் இல்லாவிட்டால் மனிதர் நிற்க முடியாது. இரத்த அழுத்தம் விழும், சீனி விழும், சாப்பாடு தங்காது, உடம்பிலுள்ள உப்பு சிறுநீரோடு போய்க்கொண்டே இருக்கும். பழைய கசம் அந்த இரண்டு தொப்பியையும் தின்றுவிட்டது. சுரக்கிறது குறையக் குறைய, மூளையின் அடியிலிருந்து சுர, சுர என்று கட்டளை கூடிக்கொண்டே போகும். அந்தக் கட்டளையை எடுத்துச் செல்லும் பொருள்தான் தோலையும் முரசையும் கறுக்க வைக்கிறது. ஆக, வயிற்றில் நான் பார்த்தது வெயில் அல்ல. பதில் வராத ஒரு கட்டளை.

"இவவுக்கு உப்புத்தான் மருந்து. அதை நிப்பாட்டினது ஆர்?" என்று டொக்டர் கேட்டார்.

ஐயா யன்னலைப் பார்த்தார். அம்மா இடுப்பில் இருந்த திறப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்குத் தலைமை ஆசிரியரிடம் நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல் ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இதே சுரப்பு கூடினாலும் உடம்பு கெடும்: முகம் உருண்டு வீங்கும், எலும்பு உக்கும், சீனியும் அழுத்தமும் ஏறும். முழங்கால் நோவுக்கென்று யாரோ தந்த குளிசையை மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு முகம் பூரித்திருக்கிறது என்று குழுவில் படம் போடுகிறீர்களே, அதற்குள் இருப்பது அனேகமாக இதுதான். அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. இவ்வளவு நாளும் வேலையில்லாமல் நித்திரை கொண்ட சுரப்பி உடனே எழும்பாது. டொக்டரிடம் போங்கள். என்னைக் கேட்காதீர்கள். நான் கந்தோர்க்காரி.

மூன்றாம் நாள் ஆசையம்மா எழுந்து உட்கார்ந்து புட்டும் சொதியும் கேட்டார். குளிசை தொடங்கிய ஒரு மாதத்தில் ஓங்காளம் நின்றது. நிறம் மெல்ல மெல்லத் தெளிந்தது. பரியாரியாரின் பத்தியத்தில் வராத நிறம். ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து கிழமைக்குள் ஐயா மூன்று லீவுக் கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். கொழும்புக் கிளாக்கர் வீட்டார் பிறகு கதைக்கவே இல்லை. அதைப் பற்றி ஆசையம்மாவுக்கு எந்தத் துக்கமும் இருந்ததாக எனக்குத் தெரியாது. அவருக்கு வேண்டியிருந்தது பள்ளிக்கூடம்.

வீட்டுக்கு வந்த அன்று மேசையில் ஒரு நீளக் கடிதவுறை கிடந்தது. ஆசிரியை, அறிவித்தல் இன்றிச் சமூகமளிக்காமல், தன் பதவியைத் தானாகவே கைவிட்டுச் சென்றதாகக் கருதப்படுகிறார். பஞ்சிக்குக் கந்தோர்ப் பாஷையில் இவ்வளவு சொற்கள். கடிதத்தின் திகதி அவர் கட்டிலில் கிடந்த இரண்டாம் கிழமைக்குள் விழுந்தது. மருத்துவச் சபை இல்லை, அறிக்கை இல்லை. ஐயாவின் கடிதங்கள் தலைமை ஆசிரியரின் மேசை இலாச்சியில் இருந்தன. ஆசிரியை வகுப்பறையில் உப்புத் தின்கிறார் என்ற அறிக்கை மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது. சாட்சி: ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருவர்.

டொக்டரின் சான்றிதழோடு ஆசையம்மா மேன்முறையீடு எழுதினார். பதில் இல்லை. அடுத்த வருடம் நினைவூட்டல் எழுதினார். அதற்கடுத்த வருடமும். தொழில் திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணம் போன பிறகும் எழுதினார். வீட்டு விறாந்தையில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே எழுதினார். சம்பளம் கேட்கவில்லை, ஓய்வூதியம் கேட்கவில்லை. "கைவிட்டுச் சென்றார்" என்ற சொற்களை அழித்து, "நோயுற்றிருந்தார்" என்று எழுதுங்கள் என்றுதான் கேட்டார். யுத்த வருடங்களில் குளிசைக்கு என்ன செய்தார் என்பது வேறு கதை. அதற்கும் விதிகள் இருந்தன.

நான் அதே கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கோவை இரண்டு தடவை என் மேசைக்கு வந்தது. சொந்தக்காரரின் கோவையில் கை வைக்கக் கூடாது என்பது விதி. இரண்டு தடவையும் வாசித்துவிட்டு, உறவினர் என்று குறிப்பெழுதி அடுத்த மேசைக்கு அனுப்பினேன். அடுத்த மேசை அதை அலுமாரிக்கு அனுப்பியது. என்னில் ஒரு பிழை பிடிக்க முடியாது. விதிப்படி நடந்ததற்காக நான் வெட்கப்படும் இடம் என் சேவைக்காலத்தில் அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற அடுத்த கிழமையே, இனி உத்தியோகத்தர் அல்ல, வெறும் பெறாமகள் என்ற முறையில் எழுதத் தொடங்கினேன். எந்தக் கிளைக்கு, யார் ஊடாக, எந்தக் கோவை இலக்கத்தைக் காட்டி, யாருக்குப் பிரதி போட்டு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்தும் ஐந்து வருடம் எடுத்தது. ஒன்றும் தெரியாத ஒருவர் எழுதியிருந்தால் எவ்வளவு எடுத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

பதில் ஒரு பக்கம். கட்டளை இரத்துச் செய்யப்படுகிறது. ஆசிரியை நோய் காரணமாகச் சேவையிலிருந்து ஓய்வுபெற்றதாகப் பதிவு திருத்தப்படுகிறது. வருத்தம் தெரிவிக்கும் வசனம் எதுவும் இல்லை. ஆசையம்மாவுக்கு எண்பது நடக்கிறது, எழுத்துக் கண்ணுக்குத் தெரிகிறதில்லை. என்னை வாசிக்கச் சொன்னார். முடிந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"கைவிட்டவ எண்ட சொல்லு இப்ப இல்லையோ?"

"இல்லை, ஆசையம்மா."

"நல்லாப் பார்த்தனியோ?"

"ஓம். இரண்டு பக்கமும் பார்த்தனான்."

கடிதத்தை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, வந்த திகதியை மேலே எழுதி வை, பிறகு ஆரும் மாறிச் சொல்லக்கூடாது என்றார். பேனையை எடுத்து, கடிதத்தின் வலது மூலையில், கந்தோரில் எழுதுவதுபோல எழுதினேன்:

கிடைத்தது: ஒக்டோபர் 9, வியாழக்கிழமை, மு.ப. 10.40.